கால் படாத நீர்

நத்தைகள்தாம் முதலில் போயின. கண்ணாடித் தொட்டியின் சுவரைப் பற்றிக்கொண்டு எந்நேரமும் பாசி மேய்ந்துகொண்டிருந்த அந்தச் சின்னஞ்சிறு கறுப்பு நத்தைகள், ஒன்றன்பின் ஒன்றாகப் பிடி தளர்ந்து, அடியில் பரப்பியிருந்த மணலில் கவிழ்ந்தன. கோதைநாயகி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நத்தைக்கு விதித்த ஆயுள் எவ்வளவோ, யார் கண்டது என்று எண்ணி, பழைய கரண்டியால் அவற்றை எடுத்து மாடியின் பூந்தொட்டியொன்றில் புதைத்தாள். ஆனால் இன்று காலை, மீன்களிலேயே பெரியது, வெள்ளை உடம்பும் உச்சியில் குங்குமம் குவித்தாற்போன்ற கொண்டையுமாக இருந்த தங்கமீன், தொட்டியின் மூலையில் தலை தாழ்ந்து நின்றதைக் கண்டபோது, பறித்து வந்த துளசியைக் கூடையோடு அப்படியே கீழே வைத்துவிட்டாள்.

விசிறிபோல் விரிந்து ஆடவேண்டிய துடுப்புகள் உடம்போடு ஒட்டிக் கிடந்தன. குளிரில் நடுங்குகிறவர் மேலாடையை இழுத்து இறுக்கிக்கொள்வதைப்போல. பளபளத்த மேனியில் மெல்லிய பாலாடை படிந்தாற்போல் ஒரு மங்கல். செவுள்கள் மட்டும், ஓடிவந்தவரின் மார்புபோல், விரைந்து ஏறி இறங்கின.

கோதை திரும்பிப் பார்த்தாள். சக்கர நாற்காலியில் அண்ணா கோபு அமர்ந்திருந்தார். அவரும் அந்த மூலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் கிடந்த அவருடைய வலக்கையின் கட்டைவிரலும் சுட்டுவிரலும், தீனி கிள்ளப் போவதுபோல் ஒன்றையொன்று தொட்டு, பிறகு விலகின.

அந்த இரண்டு விரல்களுக்காகத்தான் அந்த வீட்டில் மீன்கள் வந்து சேர்ந்திருந்தன.

கோபுவின் குரலை ஸ்ரீரங்கத்தில் அறியாதவர் சிலரே. பிழைப்புக்கு ரயில்வேயில் கணக்கு வேலை. பிறவிப் பயனுக்குக் கோயில் கோஷ்டி. விடிகாலையில் பெருமாள் திருமுன்னே பலர் கூடிப் பாசுரங்களைச் சேவிக்கும்போது, அத்தனை குரல்களுக்கும் அடியில், நெல்வயலுக்குள் ஓடும் வாய்க்கால்போல் அந்தக் குரல் ஆரவாரமின்றி ஓடிக்கொண்டிருக்கும். அது ஓடும்வரை மற்றவர்கள் சொல் மறந்து தடுமாறியதில்லை. போன ஆவணியில் ஒரு நாள், குளித்துத் திருமண் இட்டுக்கொள்ள உட்கார்ந்தவர் அப்படியே சரிந்தார். மூளையின் இடப்பக்கத்தில் இரத்தக்குழாய் அடைபட்டிருந்தது. வலக்கை போயிற்று, வலக்கால் போயிற்று, பேச்சும் போயிற்று. பிறர் சொல்வதெல்லாம் அவருக்கு விளங்கும். மறுமொழி மட்டும் வராது. பேச்சு வராதவர்க்கும் சில சமயம் பழகிய பாட்டு வரும் என்று மருத்துவர் சொன்னதை நம்பி, கணவரை இழந்தபின் அண்ணாவோடு வந்து தங்கியிருந்த கோதை, பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற தன் கரகரத்த குரலில், அவர் காதருகே நாள் தவறாமல் பாசுரம் சொன்னாள். அவருடைய உதடுகள் ஒவ்வோர் எழுத்துக்கும் பிசகாமல் அசையும். ஒலி பிறக்காது.

திருச்சியிலிருந்து வந்து அவருக்குப் பயிற்சி கொடுத்த பிசியோதெரபிஸ்ட் லின்சிதான் மீன் யோசனையைச் சொன்னவள்.

"பந்தைக் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிறாரு. களிமண்ணக் குடுத்தா என்னயக் குழந்தையா நினைச்சியாங்கிற மாதிரி பாக்குறாரு. உசுருள்ளது எதையாச்சும் எதிர்ல வெச்சுப் பாப்போம்மா. மீன் வாங்குங்க. தீனியக் கிள்ளித்தானே போடணும்? அதுக்கு ரெண்டு விரல் வேணுமில்ல?"

"எங்காத்துலயா, மீனா? அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவா?"

"வளக்கத்தானேம்மா சொன்னேன், குழம்பு வெக்கவா சொன்னேன்?"

கோதைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரிந்த நாள்முதல் இறுகிக் கிடந்த அண்ணாவின் வாயோரமும் அன்று சற்றே வளைந்ததைக் கண்டவள், மறுநாளே பஸ் ஏறிப் பாலக்கரையில் அப்துல் சலாம் என்பவரின் கடைக்குப் போனாள். வெள்ளையில் சிவப்புக் கொண்டை ஒன்று, செம்பொன் நிறத்தில் இரண்டு, பாசி தின்னச் சில நத்தைகள் என்று வீடு வந்து சேர்ந்தன. மாசி பிறப்பதற்குள், மரக்கட்டையாய்க் கிடந்த அந்த வலக்கையின் இரு விரல்கள் தீனித் துகளைக் கிள்ளின. சிந்தியது பாதி, தொட்டிக்குள் விழுந்தது பாதி. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து வாங்கிக்கொண்டன. லின்சி கைதட்டினாள். கோதை பூஜையறைக்குள் போய் நின்றுகொண்டு வெகுநேரம் வெளியே வரவில்லை.

அதைவிடப் பெரிய நாள் ஒன்று பங்குனியில் வந்தது.

கோபு விழுந்தபின் வீட்டிலிருந்த சாளக்கிராமங்களை, முறைப்படி ஆராதிக்க ஆளில்லாததால், சிற்றப்பா மகன் வீட்டுக்கு எழுந்தருளப் பண்ணியாயிற்று. எஞ்சிய கண்ணன் விக்கிரகத்துக்குக் கோதை தனக்குத் தெரிந்த அளவில் விளக்கேற்றி, துளசி சாற்றி, சமைத்த தளிகையை அமுது செய்வித்து, தீர்த்தம் சமர்ப்பிப்பாள். தீர்த்தத்துக்கான நீரை முதல்நாள் மாலையே செப்புக் குடத்தில் பிடித்து வைப்பது அந்தக் குடும்பத்து வழக்கம். நாள்தோறும் புளியிட்டு விளக்கிய குடம், அந்திச் சூரியன்போல் மின்னும். காலையில் அந்த நீரைச் செப்பு வட்டிலில் ஊற்றி, பச்சைக் கற்பூரமும் ஏலமும் கிராம்பும் இடித்த பரிமளப்பொடியைச் சேர்த்துப் பெருமாளுக்குச் சமர்ப்பித்தபின், உத்தரணி என்னும் சிறு கரண்டியால் அண்ணாவுக்கு மூன்று முறை வார்ப்பாள்.

அதன்பின் வட்டிலில் மீந்திருப்பதை என்ன செய்வது என்பதுதான் அந்த வீட்டுக்கு ஒரு சங்கடமாக இருந்தது. தீர்த்தம் யார் காலிலும் மிதிபடக் கூடாது. முன்பு தனி வீடாக இருந்த காலத்தில் கொல்லைக் கிணற்றில் சேர்ப்பார்கள். வீட்டை இடித்து அடுக்ககம் கட்டியபோது கிணறு மூடப்பட்டு, அதன்மேல் கார் நிறுத்துகிறார்கள். மாடித் துளசிக்கு வார்த்தால் வேர் அழுகிற்று. குழாய்த் தொட்டியில் கொட்டக் கை வரவில்லை.

பங்குனியின் அந்தக் காலையில், வட்டிலை அண்ணாவின் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு அவள் சமையலறைக்குள் போயிருந்தாள். கண்ணாடியில் உலோகம் உரசும் ஒலி கேட்டுத் திரும்பியவள் கண்டது இது: அண்ணாவின் வலக்கை மடியிலிருந்து எழுந்து, உத்தரணியின் காம்பைப் பிடித்து, தீர்த்தத்தை ஏந்தி, பாதி வழியில் நடுங்கி நின்று, மறுபடி எழுந்து, மீன்தொட்டியின் விளிம்பைத் தொட்டுச் சாய்ந்தது. தீர்த்தம் தொட்டியில் சேர்ந்தது. அவர் மறுபடியும் மொண்டார். வட்டில் காலியாகும்வரை மொண்டு மொண்டு சேர்த்தார். அவர் முகத்தில் அப்போதிருந்த நிறைவை, கோஷ்டியில் நின்று நிறைவுப் பாசுரமான சாற்றுமுறையை முடிக்கும்போதுதான் அவள் முன்பு பார்த்திருந்தாள்.

"அண்ணா! எவ்வளவு சரியான இடத்தைக் கண்டுபிடிச்சேள்! அங்க யாரோட கால் படப்போறது?" என்று சொல்லி, அவள் அழுதாள்.

அன்றுமுதல் அது அவருடைய கைங்கரியமாயிற்று. குரலால் செய்த தொண்டு போய், கையால் செய்யும் தொண்டு வந்தது. விரல்கள் நாளுக்கு நாள் தேறின. இனி ஒரு பொத்தானைத் தாமே பூட்டிக்கொள்வார் என்று லின்சி நாள் குறிக்கத் தொடங்கியிருந்தாள்.

இப்போது கொண்டை மீன் மூலையில் நின்றது. அது போனால் அண்ணாவின் கை என்ன ஆகும் என்ற அச்சத்தோடு கோதை சலாமுக்குப் போன் செய்தாள்.

"பாய், அந்தச் சிவப்புக் கொண்டைக்கு உடம்பு சரியில்லை."

"தீனி எடுக்குதாம்மா?"

"வாயில வாங்கித் துப்பிடறது."

"உடம்புல ரவையத் தூவுன மாதிரி வெள்ளைப் புள்ளி இருக்கா?"

"இல்லை. நன்னாப் பார்த்துட்டேன்."

"செதிலெல்லாம் தூக்கிக்கிட்டு நிக்குதா, அன்னாசிப்பழம் கணக்கா? வயிறு உப்பியிருக்கா?"

"அதுவும் இல்லை. வாலும் கிழியலை. துடுப்பை மடக்கிண்டு நிக்கறது. மேல ஏதோ வழவழன்னு படிஞ்சாப்ல இருக்கு. மூச்சுதான் வேகமா வாங்கறது."

மறுமுனையில் சிரிப்பொலி கேட்டது. "நீங்க டாக்டருக்குப் படிச்சிருக்கணும்மா. நம்ம கடைக்கு வர்றவங்க, மீன் செத்து மல்லாந்தப்புறம் 'பாய், ரெண்டு நாளா டல்லா இருக்கு'ம்பாங்க. சரி, ஒண்ணு செய்யுங்க. குழாய்த் தண்ணியப் பிளாஸ்டிக் பக்கெட்டுல பிடிச்சு ஒரு நாள் திறந்து வெச்சிருப்பீங்கள்ல, அதுல கல்லுப்பு கொஞ்சம் போட்டு, அந்த மீனை மட்டும் தனியா விடுங்க. வியாதி மீன்ல இருக்கா, தண்ணியில இருக்கான்னு அதுலயே தெரிஞ்சு போயிரும்."

அவள் அப்படியே செய்தாள். வாளி நீரில் விட்ட மீன் முதலில் அடியில் கிடந்தது. மறுநாள் நடுவில் மிதந்தது. அதற்கடுத்த நாள் துடுப்பை விரித்து வாளியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. மேனியின் மங்கல் மறைந்து, கொண்டை மறுபடியும் சிவந்தது. கோதை வாளியைத் தூக்கிவந்து அண்ணாவின் முன் வைத்தாள். "பாருங்கோ, பிழைச்சுடுத்து!" என்றாள். அவர் தீனி கிள்ளிப் போட்டார். மீன் அதைத் துப்பவில்லை. அண்ணன் தங்கை இருவரும் அன்று நிம்மதியாக உண்டார்கள்.

தேறிய மீனைத் தொட்டிக்குத் திருப்பினாள். இரண்டாம் நாளே அதன் துடுப்புகள் மறுபடி மடங்கின. மூன்றாம் நாள் நண்பகலில் அது மேலே வந்து, நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அவள் வலையைத் தேடி எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஈரத் துணியில் ஏந்தி அப்பால் கொண்டுபோனாள். அண்ணாவின் கண்கள் அவள் கைகளைத் தொடர்ந்து வாயிற்படிவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டன.

சலாம் இம்முறை சிரிக்கவில்லை.

"பக்கெட்டுல தேறி, தொட்டியில படுத்துருச்சுன்னா, மீன்ல வியாதி இல்லம்மா. தண்ணியிலதான் ஏதோ இருக்கு. நத்தைங்க எப்படியிருக்கு?"

"அதெல்லாம் முன்னாடியே போயிடுத்து."

"மீனுக்கு முந்தியா?"

"ஆமாம்."

"எனக்கு நிச்சயமாத் தெரியலம்மா. ஆனா உறையூர்ல ஒருத்தரு தொட்டியில இப்படித்தான் நத்தை முதல்ல போச்சு, அப்புறம் மீன் போச்சு. கடைசியில பாத்தா உள்ள ஒரு செப்புக் கம்பி கிடந்துச்சு. செம்பு நத்தைக்கு ஆகவே ஆகாது. மீனுக்கும் சேரச் சேர விஷந்தான். உங்க தொட்டியில ஒயரு, காசு, பித்தளைப் பொம்மை ஏதாச்சும் விழுந்திருக்கா பாருங்க. வாசனைத் தைலம், கொசு மருந்து ஏதும் பக்கத்துல அடிக்காதீங்க."

மணல் முழுவதையும் விரல்விட்டு அளைந்து பார்த்தாள். ஒரு காசும் இல்லை, கம்பியும் இல்லை. எஞ்சிய இரு பொன்மீன்களையும் வெறுமனே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு செய்யுளை முதல் வாசிப்பிலேயே விளங்கவில்லை என்று தள்ளிவிடும் மாணவியரை அவள் விட்டதில்லை. சொல் சொல்லாக நிறுத்தி, எந்தச் சொல்லில் பொருள் திரும்புகிறது என்று பார்க்கச் சொல்வாள். அந்தப் பழக்கத்தில் மீன்களின் நாளையும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலானாள்.

விடியலில் அவை நன்றாகத்தான் இருந்தன. அடியில் மணலைக் கொத்தின. பால்காரர் வந்துபோனபோதும் நன்றாக இருந்தன. விளக்கேற்றினாள், தளிகை அமுது செய்வித்தாள், தீர்த்தம் வார்த்தாள். அண்ணா உத்தரணியை எடுத்து, முன்னைவிட நடுக்கம் குறைந்த கையால், தொட்டியில் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவள் மனைப்பலகையை விட்டு எழாமல் அங்கேயே இருந்தாள். குக்கர் சத்தமிட்டு அடங்கியது. அப்போது சிறிய மீன் மணலை விட்டு மெல்ல மேலே வந்தது. பெரியதும் வந்தது. இரண்டும் நீர்ப்பரப்பில் வாயை வைத்துக் காற்றை விழுங்கத் தொடங்கின.

கோதையின் பார்வை தொட்டியிலிருந்து முக்காலிக்குப் போயிற்று. முக்காலியின்மேல் வட்டில் இருந்தது, செப்பு வட்டில். உள்ளே ஈரம் காயவில்லை. பச்சைக் கற்பூர மணம் அறை முழுவதும் நிறைந்திருந்தது.

பெருமாளே, என்றாள் மனத்துக்குள்.

அன்று பகல் முழுவதும் அவள் தனக்குள் வழக்காடினாள். பெருமாள் தீர்த்தம் நஞ்சாகுமா? ஆகாது. தன் உயிர் போனாலும் அப்படி எண்ண மாட்டாள். ஆனால் அது உள்ளங்கையில் ஏந்தி உட்கொள்வதற்கென்று ஏற்பட்டது. நமக்கு மூன்று மிடறு. அந்த நீருக்குள்ளேயே மூச்சுவிட்டு வாழ்கிறவற்றுக்கு நாள் முழுவதும் அதுவே. புளியிட்ட செம்பின் சாரம் நாள்தோறும் சேர்ந்திருக்கிறது. வற்றிய நீருக்குமேல் நீர் விட்டாளே தவிர, பழைய நீர் எங்கே போயிற்று? வேண்டாம் என்று சொல்ல வாயிருந்தும் ஒலியில்லாத உயிர்கள் அவை. பிழை தீர்த்தத்தில் இல்லை, சேர்த்த இடத்தில் இருந்தது.

இதை அண்ணாவிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் கையிலிருந்து உத்தரணியைப் பிடுங்கியதாகும். சொல்லாவிட்டால் அந்தக் கை தீனி போட இரண்டு உயிர்கள் மிஞ்சா. குரல் போனபின் அவருக்குப் பெருமாள் கொடுத்தவை மீனும் கைங்கரியமுமாக இரண்டு. அந்த இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டிருந்தன.

தொட்டி நீரைப் பெரும்பாலும் மாற்றினாள். "நாத்தமடிச்சுது அண்ணா" என்றாள். மறுநாள் காலை, தன் ஆயுளில் செய்திராத ஒன்றைச் செய்தாள். பெருமாளுக்குச் சமர்ப்பித்த தீர்த்தத்தை ஒரு சொம்பில் மறைத்து எடுத்து வைத்துவிட்டு, வட்டிலை அலம்பி, வாளியில் வைத்திருந்த வெறும் நீரை அதில் ஊற்றிக் கொண்டுவந்தாள். அண்ணா மூன்று முறை பருகட்டும், மிச்சத்தைத் தொட்டியில் சேர்க்கட்டும். மீனும் பிழைக்கும், கையும் பிழைக்கும். அபசாரம் தன் தலையோடு போகட்டும் என்று துணிந்தாள்.

முதல் உத்தரணியை வார்த்தாள். கோபு அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ள உயர்த்தினார். கை பாதியில் நின்றது. மூக்கருகே கொண்டுபோனார். உள்ளங்கையில் தேங்கிய நீரையே பார்த்தார். பிறகு நிமிர்ந்து தங்கையைப் பார்த்தார்.

"என்னண்ணா?"

அவர் இடக்கையால் வட்டிலைச் சுட்டினார். பிறகு தம் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

"பரிமளப்பொடி தீந்துபோச்சு. சாயந்திரம் சன்னிதித் தெருவுல வாங்கிண்டு வரேன்."

அவருடைய பார்வை நிதானமாக நகர்ந்து பூஜையறை அலமாரிக்குப் போயிற்று. நேற்று வாங்கி நிரப்பிய பொடிச் சம்புடம், மூடியும் சரியாகப் பொருந்தாமல், பிதுங்க நின்றது. அறுபது ஆண்டுக்கு மேலாக அந்த மணத்தில் கண்விழித்தவரிடம் பொய் சொன்னது எத்தகைய பேதைமை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கோதை அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட மறைச்சுட்டேன் அண்ணா. இது வெறும் ஜலம். தீர்த்தத்தை உள்ள வெச்சிருக்கேன். மீனுக்கு..." வட்டிலை அப்பால் நகர்த்தினாள். "மீனுக்கு அது ஒத்துக்கலை. செம்பும் பச்சைக் கற்பூரமும் அதுகளுக்கு ஆகாதாம். கொஞ்சங்கொஞ்சமா சேர்ந்துண்டே வந்திருக்கு. நத்தைக்கு முதல்ல, அப்புறம் கொண்டைக்கு. நேத்தி நான் கண்ணால பார்த்தேன். நீங்க தெரிஞ்சா பண்ணினேள்? நானும்தான் பக்கத்துல நின்னு பூரிச்சுப் போனேன். இனிமே ஒரு பேசின்ல சேர்த்துடுங்கோ, நான் காவேரியில கொண்டுபோய் விட்டுடறேன். அம்மா மண்டபத்துப் படித்துறை என்ன தூரமா?"

அவர் அவளைப் பார்க்கவில்லை. தம் வலக்கையைப் பார்த்தார். உள்ளங்கை நீர் விரலிடுக்கில் வழிந்து வேட்டியை நனைத்தது. பிறகு இடக்கையால் அந்த வலக்கையின் மணிக்கட்டைப் பற்றி, நாற்காலிக்கும் தொடைக்கும் இடையே, கண்ணில் படாதபடி செருகி வைத்தார்.

உண்மையான தீர்த்தத்தை அவள் கொண்டுவந்தாள். அவர் வாயைத் திறந்து கொடுத்தார். அவள் வாயில் வார்த்தாள். கை எழவில்லை. பேசினை எதிரில் வைத்து உத்தரணியை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று தலையை அசைத்தார்.

மீன்கள் பிழைத்துக்கொண்டன. புதுநீரில் அவற்றின் துடுப்புகள் முழுவதும் விரிந்தன. பசி பெருகிற்று. காலடி ஓசை கேட்டாலே கண்ணாடியருகே வந்து துள்ளின. தீனி டப்பாவைத் திறந்து அண்ணாவின் மடியில் வைத்துப் பார்த்தாள். "பாருங்கோ, உங்களைத்தான் தேடறது" என்றாள். அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பச் சொல்லி இடக்கையால் காட்டினார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தவிர ஒன்றுமில்லை. நாளெல்லாம் அதையே பார்த்திருந்தார். மீன்களுக்குக் கோதையே தீனி போட்டாள். அவளுடைய நோய்க்கணிப்பில் ஒரு பிழையும் இருக்கவில்லை.

அம்மை கண்டு படுத்திருந்த தன் குழந்தையைப் பார்த்துக்கொள்ள விடுப்பில் போயிருந்த லின்சி, சித்திரை பிறந்தபின் வந்தாள். வந்ததும் வழக்கம்போல் தொட்டியருகே குனிந்தாள்.

"அட, என்னம்மா இப்படிக் கொழுகொழுன்னு ஆயிருச்சுங்க! நீங்க போன்ல அழுததக் கேட்டு எல்லாம் போயிருக்கும்னுல்ல நினைச்சேன். எங்க, அய்யா, கையக் குடுங்க பாப்போம்."

அவள் அவருடைய வலக்கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் வைத்து விரல்களைப் பிரித்தாள். விட்டதும் அவை சுருண்டன. ஒரு தீனித் துகளை நடுவில் வைத்தாள். கட்டைவிரல் அசையவில்லை. மறுபடி வைத்தாள். லின்சியின் முகம் மாறியது.

"மூணு வாரத்துக்கு முந்தி கரண்டி தூக்குன கைம்மா இது. என்னாச்சு? எக்சர்சைஸ் விட்டுட்டீங்களா?"

"அவர் பண்ண மாட்டேங்கறார்" என்றாள் கோதை, குரலைத் தாழ்த்தி.

லின்சி அந்தக் கையைத் திரும்ப அவர் மடியில் வைத்தாள். நோயாளியின் முன்னால் முகம் வாடக் கூடாது என்பது அவள் தொழில்முறை. ஆகவே உடனே பேச்சை மாற்றி, குரலில் உற்சாகத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்:

"சரி, அத விடுங்க. மீனுக்குக் கடைசியில என்ன வியாதின்னு கண்டுபிடிச்சீங்க?"

"தண்ணி சரியில்லை. மாத்தினேன்."

"தண்ணின்னா? குளோரினா?"

"ஏதோ சேர்ந்துடுத்து."

"அதான், எதும்மா சேந்துச்சு? எங்க ஃபிளாட்டுலயும் பையன் ஒரு தொட்டி வேணும்னு உசுர வாங்குறான். தெரிஞ்சுக்கிட்டா நல்லதுல்ல?"

கோதை தீனி டப்பாவின் மூடியைத் திருகினாள். அண்ணாவின் பக்கம் பார்க்கக் கூடாது என்று கண்ணை அதிலேயே வைத்திருந்தாள்.

அப்போது ஜன்னல் பக்கமிருந்து ஓர் ஒலி வந்தது. வறண்ட கிணற்றில் வாளி உரசுவதைப்போல, தொண்டைக்குள் எதுவோ உரசி ஏறிற்று. இருவரும் திரும்பினார்கள். கோபு நாற்காலியில் முன்சாய்ந்திருந்தார். கழுத்து நரம்புகள் புடைத்திருந்தன. கோணிய வாய் தாள் திறவாத கதவைப்போல் போராடியது. நாக்கு மேலண்ணத்தைத் தேடி, தவறி, மறுபடி தேடிச் சென்று தொட்டது.

"நா...ன்."

லின்சியின் கையிலிருந்த துகள் கீழே விழுந்தது.

"அம்மா! அம்மா, கேட்டீங்களா? பேசிட்டாரு! அய்யா பேசிட்டாரும்மா!" அவள் அவர்முன் மண்டியிட்டாள். கண்ணில் நீர் ததும்பியது. "அய்யா, இன்னொரு தடவ. மெதுவா. ஒரே ஒரு தடவ."

கோபு லின்சியைப் பார்க்கவில்லை. இடக்கையால் தம் வலக்கையைத் தூக்கி, சாட்சி காட்டுகிறவர்போல் மீன்தொட்டிக்கு நேராக நீட்டினார்.

"நான்."

கோஷ்டியில் ஓடிய அதே குரல். அடித்தொண்டையின் அந்தக் கனம் கொஞ்சமும் கலையவில்லை. எத்தனை விடியல்களில் அதற்காக அவர் காதில் பாசுரம் ஓதியிருப்பாள்! அந்தக் குரல் திரும்பி வரும்போது பெருமாள் திருநாமத்தோடு வரும் என்றே அவள் நம்பியிருந்தாள்.

"இல்லண்ணா" என்றாள் கோதை. அருகே வந்து விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். "இல்லை, இல்லை. குடத்துல பிடிச்சு வெச்சது நான். புளி போட்டுத் தேய்ச்சது நான். யாரோட கால் படப்போறதுன்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே அண்ணா?"

அவர் தலையை அசைத்து மறுத்துக்கொண்டே இருந்தார். லின்சி அதற்குள் போனைக் காதில் வைத்தபடி வாசற்பக்கம் ஓடியிருந்தாள். "சார், ஸ்ரீரங்கம் பேஷண்ட் பேசிட்டாரு சார்... ஆமா சார், தெளிவா... யாரும் சொல்லிக் குடுக்கல சார், அவராவே" என்று அவள் மகிழ்ச்சி பொங்கச் சொல்வது நடையெல்லாம் கேட்டது.

கோதை அண்ணாவின் வலக்கையைத் தன் இரு கைகளுக்குள் வாங்கிக்கொண்டாள். அது எதையும் பற்றாமல், கனத்துக் கிடந்தது.